மணப்பெண் மடியில் வந்த கேஸ் தலை

பாசிர் மாஸ்,
மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா எழுதுகிறேன். இறைவன் கருணையால் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, அவர் யார் பேச்சையும் கேட்காத மாதிரியே. நீ அந்த அயர்லாந்துக் கார்க் நகரத்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் கண்ணை மூடுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், கடைசியில் எதற்குப் பேச வந்தோம் என்பதே மறந்துபோகும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. படிப்பை நிறுத்துவதாகக் கல்லூரியில் எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதே என்று நேற்றே சுருக்கமாகச் செய்தி அனுப்பினேன் அல்லவா, ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் உனக்குப் பிடித்த உலர் கறித் துருவல், அந்தச் செருண்டிங் பார்சலோடு இப்போது விவரமாக எழுதி வைக்கிறேன்.

உன் மாமன் மகள் சாடியா உனக்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் சலவைக் கடையில் டிரையர் இரண்டும் செத்துவிட்டன, அப்பா நொண்டுகிறார், அத்தை தனியாகக் கிடந்து அல்லாடுகிறாள், நீ வந்தால்தான் ஆகும் என்று சொல்லியிருப்பாள். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் பாதிக் கதையில் எழுந்து போகிறவள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மீதியை நான் சொல்கிறேன், கேள்.

சித்தி திமா வீட்டுக் கல்யாணம் மழைக்கு முன்னால் முடிந்துவிடும் என்று நாள் குறித்தார்கள், மழை அவர்களைக் கேட்டா வருகிறது, விருந்தன்றே ஆறு ஏறத் தொடங்கிவிட்டது. வழக்கம்போல ஊரே அங்கேதான் வேலை செய்தது, நான் வெங்காயம் உரித்தேன், உன் அப்பா அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் யோசனை சொன்னார். வேறு எந்த வேலையும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. விருந்து முடிந்ததும் கறியும் சோறும் வாளி வாளியாக நம் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்ததால் நான் பல நாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. காலைக் காப்பிகூட எதிர்க்கடையில்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

விருந்துக்கு மறுநாள் கடையைத் திறந்தால் வாசலில் கூட்டம். தாழ்வான பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்து ஆட்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள், நனைந்த போர்வை, குழந்தைத் துணி, தொழுகைத் துணி என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு மனசு எவ்வளவு நிறைந்துபோனது தெரியுமா. போன வருடம் கடை போட்டபோது, வெயில் இருக்கிற ஊரில் துணி காயவைக்கக் காசு கொடுப்பவன் எவன் என்று சிரித்தவர்களெல்லாம் அந்த வரிசையில் நின்றார்கள். டிரையரில் துணியைப் போட்டேன், காசைப் போட்டேன், சுற்றியது. நன்றாகச் சுற்றியது. நேரம் முடிந்து கதவைத் திறந்தால் துணி போட்டபடியே சில்லென்று இருக்கிறது. பக்கத்து டிரையரில் போட்டேன், அதுவும் அப்படியே. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அந்த ஈரப் போர்வையை வாங்கி மடித்துக்கொண்டு, பரவாயில்லக்கா, சுத்தமாவது ஆச்சேன்னு சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

உன் அப்பா மருத்துவராக மாறிவிட்டார். முதலில் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், கனம் இருந்தது, அதனால் கேஸ் இருக்கிறது என்று தீர்ப்பு. பிறகு பஞ்சு சேரும் வலையை உருவினார், அதை நான் தினமும் தட்டுகிறேன், சுத்தமாக இருந்தது. பிறகு சூட்டுக்காற்று வெளியேறும் குழாயைப் பின்பக்கம் கழற்றினார், முழங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஒரு கையை உள்ளே விட்டு ஒரு குருவிக்கூட்டை எடுத்தார். என் பேரைச் சொல்லி, பாரு யாம், இதான் வியாதி, புடிச்சிட்டேன்னு அவர் எழுந்து நின்ற தோரணையைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கூட்டை எடுத்தும் சில்லென்றுதான் இருந்தது. அப்புறம் மெஷினுக்குக் கண்ணு பட்டிருக்கும் என்றார். நான் முறைத்தேன், குழாயைத் திரும்ப மாட்டப் போய்விட்டார். மூன்று நாள் இப்படி. வந்தவர்களைத் திருப்பி அனுப்பி அனுப்பி எனக்கு வாயே கசந்துபோனது, கடைசியில் கதவைச் சாத்தினேன். அந்த நேரத்தில்தான் சாடியா வந்து பார்த்துவிட்டுப் போனாள். உன்னைக் கூப்பிட நானும் போனை எடுத்தேன் மகளே, மறைக்க மாட்டேன், வாடி, என்னால் முடியலைன்னு சொல்லத்தான் எடுத்தேன். அப்போது நீயே எழுதிய செய்தி அதில் வந்து கிடந்தது, அம்மா நான் கடைசி வருஷத்தை நிறுத்திட்டு வரேன், மருந்துப் படிப்பு எங்கயும் ஓடிடாதுன்னு. நான் சொல்ல நினைத்ததை நீ சொன்னபோதுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று உறைத்தது.

போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் அவர் வயிற்றைப் பார்க்கலாம், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் என்றால் சோற்றுப் பானையைத்தானே பார்க்க வேண்டும். இரண்டு டிரையரும் ஒரே நாளில் கெடுமா. கோத்தா பாருவில் இருக்கிற மெஷின்காரர் வான் சுல்லைக் கூப்பிட்டேன், ரோட்டுமேல தண்ணி போகுதுக்கா, வடிஞ்சாத்தான் வர முடியும் என்றார். நீங்க வர வேணாம் தம்பி, நான் பார்த்துச் சொல்றேன், நீங்க கேளுங்க என்றேன். கீழே இருக்கிற சின்னக் கண்ணாடித் துளையில் பார்க்கச் சொன்னார். முதலில் உள்ளே செக்கச்செவேலென்று பழுக்கிறது, டிக் என்று சத்தம், நீலத் தீ எட்டிப் பார்க்கிறது, ஒரு மூச்சு நின்று பொசுக்கென்று அணைந்துபோகிறது. அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அப்ப மெஷின் நல்லாத்தாங்க்கா இருக்கு, பாவம் அதுக்கு மூச்சு பத்தல, வர்ற கேஸ் கம்மி, கேஸ் தலையைப் போய்ப் பாருங்க என்றார். சிலிண்டர் மேல் மாட்டுகிற ரெகுலேட்டரைத்தான் சொல்கிறேன், அங்கேயே இருந்து இருந்து நம் ஊர்ப் பேச்சை நீ மறந்திருப்பாய்.

பின்பக்கம் குடையோடு போய்ப் பார்த்தேன். நம் கடைத் தலை சிவப்பு, என் கைமுட்டி அளவு பெரிது, உனக்கே தெரியும். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு நோஞ்சான் தலை உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தில் கருகிய வடு. அந்த வடு நான் சூடான கரண்டியை வைத்துப் போட்டது. என் சமையலறைத் தலை நிதா! ஓடிப்போய் அடுப்படியைப் பார்த்தால் அங்கே சிலிண்டர் தலையில்லாமல் நிற்கிறது. விருந்துச் சோறு வராமல் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

உன் அப்பாவைக் கூப்பிட்டு, இது என்னங்க என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். அன்றைக்குக் கல்யாண வீட்டில் அண்டா அடுப்பின் தலை பழுதாகிவிட்டதாம், கறி பாதி வேக்காட்டில் நிற்கிறதாம், மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டார்களாம், உடனே நம் வள்ளல் எழுந்து எங்க கடையில இருக்குன்னு சொல்லிவிட்டார். கடை மொட்டையாக நிற்கக்கூடாது என்று சமையலறைத் தலையைக் கொண்டுபோய் அங்கே மாட்டியிருக்கிறார். தலைன்னா தலைதானே யாம், எல்லாம் ஒரே கேஸ்தானே என்கிறார். தலைன்னா தலைதானாம்! அப்படியென்றால் அவர் கழுத்தில் ஒரு பூசணிக்காயை வைத்தாலும் போதுமே என்று சொல்லிவிட்டேன், கோபத்தில் சொன்னதுதான், பிறகு இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் குருவிக்கூட்டை நோண்டிய மனிதருக்கு இது ஞாபகமே வரவில்லை பார், அதுதான் எனக்கு ஆற்றாமை.

சரி, திருப்பி வாங்கலாம் என்று திமா வீட்டுக்குப் போனால் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண் வீட்டு விருந்து முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு விருந்து இருக்கிறதே, அண்டா அடுப்போடு நம் தலையும் ஆற்றைத் தாண்டி அங்கே போய்விட்டது. நடுவில் கடல் மாதிரித் தண்ணீர். நான் அந்தத் திண்டாட்டத்தில் நின்றபோது திமா போனை எடுத்து மகளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், உன் கல்யாணக் கறி வெந்தது யாம் அக்கா புண்ணியத்துல, இப்ப அவங்க கடை பட்டினியா கிடக்குதுடி என்றாள். மறுநாள் மதியம் மழைக்கு நடுவில் மீட்புப் படகு ஒன்று நம் தெருமுனைக்கே வந்தது. நடுவில் மருதாணிக் கையோடு புதுப்பெண், தலைக்கு மேல் மாப்பிள்ளை குடை பிடிக்கிறான், அவள் மடியில் பட்டுத் துணியில் சுற்றி நம் சிவப்புத் தலை. நகையை எடுத்துட்டு வர மறந்துட்டேன் பெரியம்மா, இதை மறக்கலன்னு அவள் சொன்னாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டேன்.

மாட்டினேன், சோப்பு நுரை தடவிக் கசிகிறதா என்று பார்த்தேன், சலவைக்காரிக்கு நுரைக்கா பஞ்சம். பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடித் துளையில் குனிந்தேன். பழுத்தது, டிக் என்றது, நீலத் தீ வந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அது அணையவில்லை. உன் அப்பா பின்னால் நின்று பிஸ்மில்லா, பிஸ்மில்லா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கைக்குழந்தைக்காரியைப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் விட்டு அழைத்து அவள் போர்வையைத்தான் முதலில் போட்டேன். வெளியே எடுத்ததும் அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள், பிள்ளையை அதிலேயே சுற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து கடை மூடவில்லை. திமாவும் சாடியாவும் முறை வைத்து வந்து மடிக்கிறார்கள், உன் அப்பா கால் நீட்டி உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொள்கிறார், அது அவருக்குத் தெரிந்த வேலைதான், நாற்பது வருடம் பஸ்ஸில் ஆள் ஏற்றியவர்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபிக்காதே. அந்தச் சாம்பல் தலையில் ஒரு குறையும் இல்லை மகளே. இன்று காலை அதில்தான் காப்பி போட்டேன், ஜம்மென்று எரிந்தது. அதற்கு இடம் அடுப்படி, கடை இல்லை. நீ படிப்பை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றால் கடை ஓடும், நானும் ஓடுவேன், அந்த மூன்று நாள் டிரையர் சுற்றிய மாதிரி நன்றாகவே சுற்றுவேன். ஆனால் உள்ளே சூடு இருக்காது. நீ அங்கே படிக்கிறாய் என்பதுதான் எனக்கு எரிகிற தீ. அதைக் கழற்றிக்கொண்டு வந்து எனக்கு உதவி செய்கிறேன் என்று சொல்லாதே.

பார்சலில் செருண்டிங்குக்கு அடியில் ஒரு துண்டு இருக்கிறது, நம் டிரையரில் காய்ந்தது, வந்து சேரும்போது சூடு ஆறியிருக்கும், வாசனையாவது இருக்கும். எப்போதும் போல ஈரத் தலையோடு வெளியே போகாதே, அதில் துவட்டிக்கொண்டு போ. அல்லாஹ் உன் அறிவை விரிவாக்கி, உன் கையால் பல பேர் நோய் தீர அருளட்டும். பரீட்சை முடிந்து பட்டத்தோடு வா, விருந்து வைக்கிறேன், ஊரைக் கூப்பிடுகிறேன், அண்டாவுக்குத் தலை மட்டும் வேறு எங்காவது வாங்கிக்கொள்கிறேன்.

உன்னை நினைத்தே சூடாக இருக்கும்
அம்மா மெக் யாம்

அப்பா பக்கத்தில் நின்று, குருவிக்கூட்டை எடுத்ததும் நல்லதுக்குத்தான்னு எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.