வண்டியும் வீடுதான், நைனா

நைனாவுக்கு வணக்கம். பேசாமல் இருந்தது போதும் என்றுதான் எழுதுகிறேன். ஆனாலும் முதலில் கேட்கிறேன்: முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

கவிப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா என்று என் பெயர் இல்லை. "வண்டியில குடியிருக்கறவன் பேர எதுக்குப் போடணும்?" என்று அண்ணன் கேட்டாராம். நீங்களும் தலையாட்டினீர்களாம்.

ஆமாம், நியூசிலாந்தில் எனக்கு வீடு அந்தப் பழைய டீசல் வண்டிதான். கட்டில், அடுப்பு எல்லாம் அதற்குள்ளேயே. போன வாரம் மலைச்சாலையில் நின்றுவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. இவ்வளவு பழையதைத் தொடமாட்டோம், உடைக்கப் போடு என்றார்கள் எல்லாப் பட்டறையிலும். கடைசியாகப் போனில் கிடைத்த மெக்கானிக் நம் பக்கத்து ஊர் நகரிக்காரர், சீனிவாசுலு. நான் திருத்தணி என்றதும், "அட, நம்ம பக்கம்! அங்கியே இரு நைனா, வந்துகினே கீறேன்" என்றார். உங்களை நான் அழைக்கும் சொல்.

டீசல் குழாயில் காற்று புகுந்திருந்ததாம். அதை எடுத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. யார் சொன்னாலும் இதை விற்கமாட்டேன்.

நம் மலைக்கோயில் விபூதியும் அம்மா போட்ட மோர்மிளகாயும் அனுப்புங்கள், சீனிவாசுலுவுக்கும் சேர்த்து. அவர் பட்டறை விலாசம் உறைமேல் இருக்கிறது.

தபால் நிலையத்தை மூடப்போகிறார்கள். பத்திரிகையில் போடாத பெயரை இங்கேயும் போடவில்லை, கையெழுத்தில்லாமலே அனுப்புகிறேன். எழுதியது யாரென்று அண்ணன் கேட்டால், என் பெயரை நீங்கள் சொல்லுங்கள்.