கேன்வாஸில் போடச் சொன்னேன்

கீழ்பென்னாத்தூர்,
28.4.2008

அன்புள்ள தம்பி சக்கரவர்த்திக்கு,

அக்கா உண்ணாமலை எழுதிக்கொண்டது. அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள். சிங்கப்பூரில் நீயும் கீர்த்தனாவும் குழந்தை இனியாவும் சுகம் என்று போன வாரம் சொன்னாய். அப்படியே இருங்கள்.

போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். இதில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் சேதி. நீ கட்டும் வேங்கிக்கால் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தாகிவிட்டது. மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்துவிட்டார்கள். சமையலறைக் குழாயில் மட்டும் ஒழுக்கு இருக்கிறது. மேஸ்திரி இருசப்பன் ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கடைக்கால் போட்டதிலிருந்து, பால்வாடியில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு பஸ் பிடித்துப் போய்ச் சுவருக்குத் தண்ணீர் அடித்தவள் நான். எந்தச் சுவரில் ஈரம் நிற்கிறது, எதில் வெயில் விழுகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் படத்தைப் பற்றி நீ என்னிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டேன்.

நீ சொன்னது நினைவிருக்கிறதா? "பொங்கலுக்கு வந்தப்போ எடுத்த படத்தைப் பெருசா போட்டு ஹால்ல மாட்டணும்க்கா. ஸ்டுடியோவுக்கு மெயில் அனுப்பிட்டேன். எதுல போட்டா நல்லா இருக்கும்னு நீயே நேர்ல பாத்து முடிவு பண்ணு. அந்தச் சுவர் உனக்குத்தான் தெரியும்" என்றாய். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் மாட்டிவிட வேண்டும் என்றும் சொன்னாய்.

சித்ரா பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுநாள் திருவண்ணாமலைக்குப் போனேன். தேரடி வீதி ஸ்டுடியோவில் பிரகாஷ் என்ற பையன்தான் எல்லாம் பார்க்கிறான். உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரே படத்தை மூன்று விதமாகச் சின்னதாகப் போட்டு மேசைமேல் பரப்பினான். ஒன்று பளபளப்புக் காகிதத்தில் போட்டு லேமினேஷன் செய்து பலகையில் ஒட்டியது. இன்னொன்று மங்கல் காகிதம், அதற்குமேல் கண்ணாடி போட்டு ஃபிரேம் அடிக்க வேண்டுமாம். மூன்றாவது கேன்வாஸ் துணி.

நான் முதலில் படத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தேன். ஹால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது, கண்ணாடி போட்டால் காலை வெயிலில் முகமே தெரியாது, அதனால் அது வேண்டாம் என்றேன். லேமினேஷன் புதுச்சுவர் ஈரத்துக்குக் கொப்பளிக்குமா என்று கேட்டேன். கேன்வாஸைத் தடவிப் பார்த்தேன். நல்ல கெட்டித் துணி. பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இனியா. வலது பக்கம் நீயும் கீர்த்தனாவும். நான் நின்ற இடது பக்கத்தில் வாசல் தூணும் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியும் இருந்தன.

நான் வருவதற்கு முன்னால் எடுத்த வேறு படம் போல என்றுதான் முதலில் நினைத்தேன், தம்பி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அம்மாவின் இடது தோளைப் பார்த்தேன். அங்கே நாலு விரல் இருந்தது. பித்தளை மோதிரம் போட்ட விரல். படம் எடுக்கும்போது ஒதுங்கி நின்றவளை, "அக்கா, வா, அம்மா தோள்மேல கை வெச்சிக்கோ" என்று கூப்பிட்டவன் நீதான்.

பிரகாஷுக்கு என் முகம் போன போக்கு புரிந்துவிட்டது. "அக்கா, சார் உங்ககிட்ட சொல்லிட்டாருன்னு நெனச்சேன். பொண்ணு வூட்டு சொந்தக்காரங்கல்லாம் வருவாங்களாம். அக்கா ஏன் தனியா நிக்கிறாங்க, அவுங்க வூட்டுக்காரர் எங்கேன்னு கேள்வி வருமாம். அதான் எடுத்துடுன்னு எழுதியிருந்தாரு" என்றான். அவன்மேல் தப்பில்லை. சொன்னதைச் செய்திருக்கிறான்.

கேள்வி வரும்தான். பொங்கலன்று சமையலறையில் உன் மாமியார், "வாழாத பொண்ணை நல்ல காரியத்துல முன்னாடி நிறுத்தலாமா?" என்று கீர்த்தனாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நான் வடை தட்டிக்கொண்டிருந்தேன். கேட்காததுபோல் இருந்துவிட்டேன். நீயும் அங்கேதான் நின்றாய். நீயும் கேட்காததுபோல்தான் இருந்தாய். என்னை விட்டுப் போன மனுஷன் வேலூரில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். அவன் வீட்டு ஹாலிலும் ஒரு படம் மாட்டியிருக்கும். அதைப் பார்த்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பிரகாஷ் மெதுவாகச் சொன்னான். "விரலையும் எடுத்தா அம்மா பொடவை மடிப்பு கெட்டுப்போவுதுக்கா. அதான் வுட்டுட்டேன். பளபளா பேப்பர்ல போட்டா பளிச்சுனு தெரியும். கேன்வாஸ்னா நூல் நூலா இருக்குமா, மடிப்போட மடிப்பா போயிடும்." பிறகு, "எதுல போடட்டும்?" என்று கேட்டான்.

கேன்வாஸில் போடச் சொன்னேன். உன்மேல் இருக்கும் பிரியத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. பளபளப்புக் காகிதத்தில் போட்டால், வருகிறவர்கள் அது யார் கை என்று கேட்பார்கள். நாலு பேர் முன்னால் நீ பொய் சொல்லித் திணறுவாய். அதை அம்மா பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆனால் அம்மா அதைவிடப் பெரியதைப் பார்த்துவிட்டாள்.

படம் மாட்டிய அன்று அவளையும் அழைத்துப் போயிருந்தேன். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. பேத்தி படத்தைப் பார்க்கணும் என்று காலையிலிருந்து ஒரே பிடிவாதம். போய் நின்று, இனியாவின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம், "நீ எங்கடி?" என்றாள். நான் உள்ளே அடுப்பு வேலையாக இருந்தபோது எடுத்தது என்றேன். அவள் படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்த் தோளையே பார்த்தாள். "பொய் சொல்லாத. இது உன் மோதிரம்" என்றாள். பிறகு, "கண்ணு ஆபரேசன் பண்ணாமயே வுட்டிருக்கலாம்டி" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, "அவன்கிட்ட சொல்லு. என்னையும் அந்தப் படத்துல இருந்து எடுத்துடச் சொல்லு. நான் அந்த வூட்டுக்கு வரல" என்றாள். நான் உனக்காகத்தான் பேசினேன். சின்னவன், மாமியார் வீட்டாருக்குப் பயப்படுகிறான் என்றேன். "பயந்தவன் அக்காவை ஏன் கடைக்கு அனுப்பணும்?" என்று கேட்டாள். அதற்குப் பதிலை நீயே அவளிடம் சொல்.

கிரகப்பிரவேசம் முடிந்ததும் அம்மாவும் நானும் அங்கேயே குடியிருக்க வேண்டும், வீட்டைப் பூட்டிப்போட்டால் பாழாகிவிடும் என்று சொல்லியிருந்தாய். நான் இருக்கமாட்டேன், தம்பி. நல்ல வாடகைக்காரராகப் பார்த்து வை. சாவியை இருசப்பனிடம் கொடுத்துவிட்டேன். விழாவுக்கும் என்னை எதிர்பார்க்காதே. அன்று எனக்குப் பால்வாடியில் வேலை இருக்கிறது என்று எல்லோரிடமும் நீயே சொல்லிவிடு.

அம்மாவை மட்டும் விட்டுவிடாதே. போனில் கூப்பிட்டால் வரமாட்டாள். விமானத்தை விட்டு இறங்கியதும் நேராக இங்கே வா. தனியாக வா. அவள் காலடியில் உட்காரு. இரண்டு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள். அப்புறம் வந்துவிடுவாள். பெற்றவளுக்கு அதற்குமேல் வைராக்கியம் கிடையாது. நீ வரும் நேரம் சொன்னால் சோறு ஆக்கி வைத்துவிட்டு, நான் பக்கத்து வீட்டு காசியம்மாள் வீட்டில் போய் இருக்கிறேன். உனக்குச் சங்கடம் வேண்டாம்.

அண்ணாமலையார் உங்கள் மூவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். இனியாவுக்கு அடுத்து ஒரு தம்பி பிறக்கட்டும். எந்த நிலைமை வந்தாலும் தன் அக்காவை விட்டுக்கொடுக்காத பிள்ளையாக அவன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உண்ணாமலை