சாம்பலி பறக்க வேண்டுமானால்

ஜூன் 3, திங்கள்

கல்லூரி முதல்வர் இன்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தடிப் புத்தகத்தை மேசைமேல் தொப்பென்று போட்டார். அட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு டிராகன், வாயைத் திறந்துகொண்டு. எனக்கு அந்த வாய் நன்றாகப் பழக்கம். ஏழு வருடமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை, சோபா இடுக்கு, துணிக்கூடை என்று எங்கே கை விட்டாலும் அது அகப்படும்.

திட்டம் இதுதான். புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு முதல் நான்கு வாரம் பாடம் கிடையாது. எல்லோரும் படித்திருக்கிற இந்தக் கதையை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு துறை, தன் பாடம் எப்படி யோசிக்கும் என்று காட்ட வேண்டும். முதல் வாரம் இயற்பியல், அதாவது நான். அடுத்தது புவியியல், பிறகு வரலாறு, சட்டம். டிராகன் எரித்த வீட்டுக்காக யார்மேல் வழக்குப் போடுவது என்று சட்டத்துறைக்காரர் இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

"போன வருஷம் முதல் பருவத்துலயே பதினாலு பேர் நின்னுட்டாங்க," என்றார் முதல்வர். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். அந்தப் பதினாலில் ஒருத்தி என் மகள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இருபத்து மூன்று வருடம் கரும்பலகையோடு மல்லுக்கட்டியவளுக்கு இப்போது டிராகன். எல்லாம் என் நேரம்.

ஜூன் 4, செவ்வாய்

இன்று மகளிடம் நான் பேசியது: "சாப்பிட்டியா?" அவள் பேசியது: "ம்."

ஜூன் 6, வியாழன்

எட்டு மாதமாக வீட்டில் நடக்கும் உரையாடல் இவ்வளவுதான். மீதியெல்லாம் அவள் அப்பா வழியாகப் போய் வருகிறது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். எது மங்கலாக இருந்தாலும் துடைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். இன்று சொன்னார்: எங்கள் கல்லூரியில் மீதியிருக்கும் இடங்களுக்கு ஜூலை பன்னிரண்டோடு விண்ணப்பம் வாங்குவது முடிகிறதாம், இந்த வருடமும் விட்டால் அவள் அந்த அறையை விட்டு வரவே மாட்டாளோ என்று பயமாக இருக்கிறதாம்.

எனக்குப் பயம் இல்லையா? இருக்கிறது. ஆனால் பேச வாய் இல்லை. போன வருடம் அவளுடைய விண்ணப்பத்தில் 'பாடம்' என்ற கட்டத்தை நிரப்பியது நான். இதோ இந்த நீலப் பேனாவால், என் குண்டுக் கையெழுத்தில்: இயற்பியல். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். நேரமாகிவிட்டது என்றேன். நேரம் ஒன்றும் ஆகவில்லை.

இதை இங்கேகூட இத்தனை நாள் எழுதவில்லை.

ஜூன் 10, திங்கள்

முதல் வகுப்பு. நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு. முதல் நாள் இயற்பியல் வகுப்பில் சிரிப்பைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

டிராகனின் பெயர் சாம்பலி. கல்லூரி நூலகத்துப் பிரதியில் பார்த்து விவரங்களைக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். எடை நாற்பது டன். இறக்கை நுனிக்கு நுனி முப்பது மீட்டர். காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்று பலகையில் படம் போட்டேன், கணக்கைப் போட்டேன். தரையை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் சாம்பலி மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்தக் குட்டைக் காலோடு. நகைச்சுவையாகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். "ஆக, சாம்பலி பறக்காது," என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். "கணக்கு சரிதான் மேடம். அதுக்காக அதை ஏன் கொல்லணும்?"

ஜூன் 11, செவ்வாய்

பத்தொன்பது பேர்.

இரண்டு கோடு போட்டது அதிகம்.

ஜூன் 12, புதன்

சாப்பாட்டு மேசையில் என் கணவர் என் மானத்தை வாங்கினார். இருநூறு கிலோமீட்டர், குட்டைக் கால், மழைக்கோட்டுப் பெண் எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்! நானும் அவரும் கரண்டியைக் கீழே வைக்கக்கூடப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு நான் பாத்திரம் தேய்க்கும்போது வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீ கேட்ட கேள்வியே சரியில்லம்மா. பறக்குமா பறக்காதான்னு யாரு கேட்டா? அது பறக்குது. அஞ்சு புத்தகமா பறந்துக்கிட்டுதான் இருக்கு. அதை முதல்ல ஒத்துக்கோ. அப்புறம் கேளு, அது பறக்கணும்னா அந்த உலகம் எப்படி இருக்கணும்னு."

கையில் சோப்பு நுரையோடு நின்றேன். எவ்வளவு எளிமை. எங்கள் பாடம் முழுக்கவே இந்தக் கேள்விதானே? கண்ணால் பார்த்ததை ஒத்துக்கொள், பிறகு அது நடக்க எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று தேடு. இருபத்து மூன்று வருடம் பாடம் நடத்தியவளுக்கு, பாதியில் நின்றவள் சொல்லித் தருகிறாள்.

அதை அவளிடம் சொன்னேனா? இல்லை. "சரி" என்றேன். நானும் ஒரு ஆள்.

போகிற போக்கில் தன்னுடைய முதல் பாகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தை மடிக்கக் கூடாதாம், மேலே டம்ளர் வைக்கக் கூடாதாம்.

ஜூன் 13, வியாழன்

கல்லூரிக்குப் போகும் பேருந்தில் படிக்க ஆரம்பித்தேன். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். பன்னிரண்டு வயதுக் கையெழுத்து, ஒவ்வொரு வரியும் மேல்நோக்கி ஏறும். 'இந்தப் பனி ஏன் இவ்வளவு மெதுவா விழுது?' 'காவலாளி கோபுரத்துல இருந்து விழுந்தான், நொண்டிக்கிட்டே நடந்து போறான். எப்படி?'

நூற்றுப் பதினெட்டாம் பக்கம். சாம்பலி முதல் தடவை பறக்கிற இடம். ஓரத்தில்:

'இவ்வளவு கனமா இருந்தா எப்படிப் பறக்கும்? அம்மாகிட்ட கேக்கணும்.'

அதற்குக் கீழே, வேறு பென்சிலில்:

'கேட்டாச்சு. பறக்காதாம்.'

எனக்கு ஞாபகமே இல்லை. அடுப்படியில் நின்றிருப்பேன், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்திருப்பேன். தலையைக்கூடத் தூக்கியிருக்க மாட்டேன். 'பறக்காதாம்.' என்மேல் ஒரு கோபம்கூட இல்லை அந்தச் சொல்லில். கேட்டாள், பதில் கிடைத்தது, எழுதி வைத்தாள். அதற்குப் பிறகு புத்தகம் முழுக்கக் கேள்விகள்தான். ஆனால் எங்கேயும் 'அம்மாகிட்ட கேக்கணும்' இல்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை.

நிறுத்தத்தைத் தவறவிட்டேன். நடத்துநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்ததில் இறக்கிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்.

ஜூன் 14, வெள்ளி

கடைசி வகுப்பு. பலகையில் 'சாம்பலி பறக்கிறது' என்று எழுதினேன். அடியில் கோடு போடவில்லை. நான் தப்பான கேள்வி கேட்டுவிட்டேன், இது என் மகள் சொன்ன கேள்வி என்று சொல்லிவிட்டு அதை எழுதினேன்.

பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். காற்று நம்முடையதைவிட அடர்த்தியாக இருந்தால்? நாலு மடங்கு வைத்துப் பார்த்தோம், வேகம் இருநூறிலிருந்து நூறுக்கு இறங்கியது. அந்த உலகத்தின் ஈர்ப்பு நம்முடையதில் பாதி என்றால்? எழுபதுக்கு வந்துவிட்டது. மலைச்சரிவிலிருந்து கிளம்பினால் சமாளிக்கலாம் என்று ஒருத்தர் சாம்பலிக்கு வக்கீலாகவே மாறிவிட்டார். அப்போது மஞ்சள் மழைக்கோட்டு எழுந்தாள்.

"அப்போ அந்தக் காவலாளி! கோபுரத்துல இருந்து விழுந்தும் சாகலையே. காத்து கெட்டியா இருந்து, இழுக்கிற விசையும் பாதின்னா, அவன் மெதுவாத்தானே விழுந்திருப்பான்?"

எழுதியவரின் கவனக்குறைவு என்று எல்லோரும் கேலி செய்துவந்த இடமாம் அது. மெதுவாக விழும் பனியையும் நான் சேர்த்துச் சொன்னேன். பன்னிரண்டு வயதில் ஒருத்தி இந்த இரண்டையும் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள் என்றபோது என் குரல் உடைந்துவிட்டது. இருமினேன். யாரும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கதவைத் தட்டினேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. "நூத்திப் பதினெட்டாம் பக்கம் பார்த்தேன்டா. உன் ஃபார்ம்ல நான் எழுதினது தப்பு. அன்னைக்கு நேரமெல்லாம் ஆகல. பொய் சொன்னேன்."

கதவு பாதி திறந்தது. பிறகு, "டம்ளர் வச்சியா அது மேல?" என்றாள்.

வைக்கவில்லை என்றேன்.

"சரி, உள்ள வா."

ஜூன் 18, செவ்வாய்

இது புவியியல் வாரம். அந்தத் துறைக்காரரை எல்லோரும் வரைபடக்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம்; கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட மண்டபத்துக்கு வழி காட்டும் படத்தைத்தான் முதலில் பார்ப்பார். மகள் காலையில் ஒரு தாளை மடித்துக் கொடுத்தாள். "அவர்கிட்ட குடு. நீ படிக்கக் கூடாது."

படிக்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

தாளைப் படித்ததும் அவரே என்னிடம் காட்டிவிட்டார், அடக்க முடியவில்லை அவருக்கு. புத்தகத்தின் முதல் பக்கத்து வரைபடத்தில் ஒரே ஏரியிலிருந்து இரண்டு ஆறுகள் புறப்பட்டு, ஒன்று கிழக்குக் கடலுக்கும் ஒன்று மேற்குக் கடலுக்கும் போகின்றன. அது தப்பு, ஏரித் தண்ணீர் பள்ளமான பக்கமாகத்தான் வெளியேறும், இன்னொன்று வற்றிவிடும் என்று அவர் நேற்று வகுப்பில் சொன்னாராம். மழைக்கோட்டுப் பெண் அதை என்னிடம் சொல்ல, நான் வீட்டில் சொல்லியிருந்தேன். மகள் எழுதியிருந்தாள்: 'தப்பு இல்லை. கிழக்கே போவது வளைந்து வளைந்து போகிறது. மேற்கே போவது மட்டும் நேர்கோடு. அது ஆறே இல்லை. யாரோ வெட்டிய வாய்க்கால்.'

"முப்பது வருஷமா மேப் பார்க்கிறேன்," என்றார், "எனக்குத் தோணலையே."

பதிலுக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார். வெட்டியது என்றால் வெட்டிய மண் எங்கே போனது?

ஜூன் 21, வெள்ளி

நான் தபால்காரி ஆகிவிட்டேன். காலையில் ஒரு தாள் போகிறது, மாலையில் ஒன்று வருகிறது. இன்று அவள் கொடுத்த உறை கனமாக இருந்தது. மண் எல்லாம் எங்கே போயிற்று என்று தனியாக ஒரு படமே வரைந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசை முழுக்க வண்ணப் பென்சில். நானும் அவள் அப்பாவும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

"வாயைத் திறக்காத," என்று என் காதில் சொன்னார் அவர். "இப்போ பக்கத்துல போய் 'இதையே படிக்கலாமே'ன்னு ஆரம்பிச்சே, நான் கடையிலயே படுத்துப்பேன்."

திறக்கவில்லை. தொண்டைவரை வந்தது.

ஜூன் 27, வியாழன்

வரைபடக்காரரின் பதிலில் இன்று ஒரே வரிதானாம், அவளே படித்துக் காட்டினாள்: 'இதற்குமேல் காகிதத்தில் முடியாது. துறையில் பெரிய மேசை இருக்கிறது.'

"எவ்ளோ பெரிய மேசை?" என்று கேட்டாள்.

நான் கையை விரித்துக் காட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே விரித்துவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

என்னோடு கல்லூரிக்கு வந்தாள். பேருந்தில் நான்கு வரிசை தள்ளித்தான் உட்கார்ந்தாள், அது வேறு விஷயம். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது இரண்டு வரிசை.

ஜூலை 8, திங்கள்

விண்ணப்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்னும் நாலு நாள். நான் கேட்க மாட்டேன். கேட்கவே மாட்டேன். அவள் அப்பாவிடம் மூன்று தடவை கேட்டாகிவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

காலையில் நான் கிளம்பும் நேரத்தில் விண்ணப்பத்தோடு வந்தாள். எல்லாம் பேனாவில் நிரப்பியிருந்தது. நடுவில் ஒரு கட்டத்தை மட்டும் உள்ளங்கையால் மூடியிருந்தாள். "பெற்றோர் கையெழுத்து அடியில. பார்க்காம போடு."

போட்டேன். கையெழுத்து வங்கிக்காரர்கள் திருப்பி அனுப்புகிற மாதிரி வந்தது.

பிறகு அவளே கையை எடுத்தாள். 'புவியியல்.' அந்த ஒரு சொல் மட்டும் பென்சிலில் இருந்தது, மேல்நோக்கி ஏறியபடி.

"இது ஏன்டா பென்சில்ல?"

"நீ கையெழுத்துப் போட்டப்புறம் பேனாவுல எழுதலாம்னு." சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஒருவேளை நீ மாத்தச் சொன்னா, அழிக்கச் சுலபமா இருக்கும்ல."

பேனாவை மூடாமலே அவளிடம் நீட்டினேன். பேருந்து போனால் போகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். பென்சில் எழுத்தின் மேலேயே, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் எழுதினாள்.

இதைப் பென்சிலில்தான் எழுதுகிறேன். பேனா அவளிடம் இருக்கிறது.