காளவாய் வாசலில் பட்டுக்குள் கிடந்த பதினொன்றாம் ஏடு

நலம் நிலைக்க. மழை காலத்தில் பெய்க. உழுகிற கையும் சுடுகிற கையும் நோவின்றி இருக்க. மூன்று துறைக்கும் ஏழு மலைக்கும் உரிய ஆழிமங்கலத்து அரசி, கடல்காவல் நிலமங்கைத் தேவியார், கரும்பாறைத் துறையில் தங்கியிருந்து, தலைநகரில் அரச ஆணைகளை எழுதும் ஓலைநாயகமாய் வீற்றிருக்கும் புலவர் பெருமான் கூற்றூர் நம்பிகண்டருக்கு விடுக்கும் ஓலை. தேவியார் சொல்ல எழுதுபவன் நாடுகாண் அதிகாரி விழுப்பரையன். உமது இல்லத்தாரும் மாணாக்கரும் நலமென்று தேவியார் நம்புகிறார். நலம் விசாரிப்பது இவ்வளவில் நிற்க. இனி வருவது சினம்.

கோட்டை மதிலுக்கு வேண்டிய சுண்ணாம்பைப் பார்வையிடத் தேவியார் நேற்று முன்தினம் இங்குள்ள அரசுக் காளவாய்க்குச் சென்றார். கிளிஞ்சலையும் கரியையும் குழியில் அடுக்கிச் சுட்டு, நெருப்பு அணைந்தபின் ஆட்கள் உள்ளே இறங்கி வெந்ததை அள்ளும் இடம் அது. அதற்குப் பணிநெறி எழுதிய நீர் அதைக் கண்டதேயில்லை என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசலில் ஒரு மாடம். மாடத்தில் சிவப்புப் பட்டில் சுற்றிய ஓலைக்கட்டு. அதன்மேல் புதுப் பூ, சந்தனம், சாம்பிராணிப் புகை. மாடத்துக்கு எதிரே வெயிலில், இரண்டு கால்களிலும் வாழையிலைக் கட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் கொற்றி.

பட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தேவியார் கேட்டார். காளவாய்க் கண்காணி மாறாடன் கைகட்டி, "பணிநெறி ஓலை தாயே. வேலைக்குச் சேர்ற அன்னிக்கு ஆளாளுக்கு எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவோம்" என்றான். படித்ததுண்டா என்று கேட்டதற்கு, "பிரிச்சுப் படிக்க நாங்க யாரு? பூப் போடுவோம், பொகை காட்டுவோம்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வெயிலிலிருந்து கொற்றி குரல் கொடுத்தாள்: "சாமி மாதிரி வச்சிருக்காங்க தாயே. அதுவும் சாமி மாதிரியே வாயத் தொறக்கல."

அவள் கதை இது. இருபது நாளுக்கு முன், சுண்ணாம்பு ஏற்றக் கப்பல் காத்திருக்கிறதென்று, மாலையில் அணைந்த காளவாயில் மறுநாள் காலையே இறங்கச் சொன்னான் மாறாடன். இறங்கினாள், மேலே சாம்பல், அடியில் கனல். உள்ளங்கால் இரண்டும் வெந்தன. ஒரு வாரம் கழித்து, புண் ஆறுமுன்பே, மறுபடி இறங்கச் சொன்னான். மாட்டேன் என்றாள். ஏவலை மறுத்தவள் என்று அவளை வேலையிலிருந்து நீக்கினான். காளவாய்க் குடியிருப்பு வேலைக்காரருக்கு மட்டுமே. ஆகவே வருகிற அமாவாசைக்குள் வீட்டையும் விட வேண்டும் என்றான். அமாவாசை நாளை மறுநாள். நடக்க முடியாத காலோடு அவள் எங்கே போவாள் என்று அவனும் கேட்கவில்லை.

தேவியார் தம் கையாலேயே பட்டை அவிழ்த்தார். கூட்டம் பதறியது, சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். நாற்பது ஏடுகள். பதினொன்றாவதில் உமது கையெழுத்தில் இருந்தது:

*அழல்வயி றவிந்த வைகல் ஈரிறந்
தன்றி அள்ளுநர் புகுதல் அடாது;
ஏவினும் மறுத்தோர் பணிநிலை இழவார்.*

விழுப்பரையன் மூன்று முறை வாசித்தான். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. வாசித்தவனுக்கே பாதிதான் எட்டியது. தேவியார் ஏட்டை வாங்கி, அரை நாழிகை முட்டி மோதிப் பொருள் கண்டு சொன்னார்: நெருப்பு அணைந்து இரண்டு நாள் கழியாமல் யாரும் உள்ளே இறங்கலாகாது, இறங்கச் சொன்னாலும் மறுக்கலாம், மறுத்தவருக்கு வேலை போகாது.

கொற்றி கேட்டாள்: "இத எப்ப எழுதினாங்க தாயே?" ஒன்பது ஆண்டாயிற்று என்றார் தேவியார். "ஒம்பது வருசமா எதிர்லயே இருந்துச்சா? எங் காலு வெந்து இருபது நாளுதான் ஆச்சு" என்றாள் அவள்.

ஓலைநாயகமே, நீர் நல்ல விதியைத்தான் எழுதினீர். அதுதான் ஆத்திரத்தை மூட்டுகிறது. தீய விதியென்றால் எதிர்க்கலாம். நல்ல விதியை யாருக்கும் புரியாமல் எழுதிவிட்டு, காத்தோம் என்று நிம்மதியாய் உறங்கினீரே! எளிய சொல்லில் எழுதினால் அரச ஆணைக்கு மதிப்புக் குறையும் என்று அன்று அவையில் வாதிட்டீர். அந்தச் செய்யுளுக்குப் பொற்பூ பெற்றீர். கேட்டுத் தலையசைத்தவர்களில் தாமும் ஒருவர் என்பதைத் தேவியார் மறக்கவில்லை. அந்த வெட்கமும் இந்த ஓலையில் சேர்ந்திருக்கிறது.

ஆகவே கட்டளை. கொற்றி இன்றே வேலையில் சேர்க்கப்பட்டாள்; கால் ஆறும்வரை வீட்டிலிருப்பாள்; அந்த வீடு அவளுடையது. இன்று காலை அணைந்த இரண்டு காளவாய்களும் இரண்டு நாள் முடியும்வரை திறக்கப்படா, கப்பல் காத்திருக்கட்டும். நீர் இவ்வோலை கண்ட மூன்றாம் நாள் இங்கே வந்து சேர்க. மாணாக்கரை அனுப்ப வேண்டா. முதலில் காளவாய்க்குள் எட்டிப் பாரும். பிறகு வாசலில் அமர்ந்து நாற்பது ஏட்டையும் இங்குள்ளோர் பேசுகிற பேச்சில் திருப்பி எழுதும். எழுதிய ஒவ்வொன்றையும் உரக்க வாசியும். கேட்ட ஒருவர் தம் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் குற்றம் உம்முடையது. கிழித்துவிட்டு மறுபடி எழுதும். நாற்பதும் முடியாமல் அவைக்குத் திரும்ப வேண்டா. இனி ஆள் சேரும் நாளில் ஓலை வாசிக்கப்படும், கண்ணில் ஒற்றப்படாது. பட்டு உறை கொற்றியின் காலுக்குக் கட்டாகக் கிழிக்கப்பட்டுவிட்டது. இதற்கு மறுமொழி செய்யுளில் வருமானால் பிரிக்காமல் திருப்பி அனுப்பப்படும்.

உமக்கு மாதிரியாகப் பதினொன்றாம் ஏடு இங்கேயே எழுதி முடிந்தது. விழுப்பரையன் 'அழல் தணிந்து' என்று தொடங்கினான். "நெருப்புன்னு போடுங்கய்யா" என்றாள் கொற்றி. அதன்பின் அவள் சொன்னபடியே எழுதப்பட்டது:

*நெருப்பு அணைஞ்சு ரெண்டு நாள் ஆகாம குழிக்குள்ள எறங்காத. யாரு எறங்கச் சொன்னாலும் மாட்டேன்னு சொல்லு. உன் வேலை போகாது, வீடும் போகாது.*

வாசித்ததும் காளவாய் ஆட்கள் எல்லோரும் ஒருமுறை கேட்டதிலேயே திருப்பிச் சொன்னார்கள். மாறாடனும் சொன்னான்.

இதைக் கேட்டேன், விளங்கிற்று: இவை கையெழுத்துக்காகக் கொற்றி இட்ட கீறல்.
அவள் கீறலுக்குக் கீழே, அரசி நிலமங்கை முத்திரை.