குழுவுக்கு ஒரே மதிப்பெண்

மட்டாஞ்சேரி, கொச்சி. செவ்வாய், இரவு.

குழுவில் மிகக் குறைவாக வாங்குபவரின் மதிப்பெண்தான் எல்லோருக்கும் என்று என் வகுப்பறை ஆய்வுக்காக விதி வைத்தவள் நான்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நம்பினேன்.

இன்று மதியம் வகுப்புக்குள் நுழைந்தபோது இரண்டு பேர் செல்வியின் கையை டெஸ்கில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். குழுத் தலைவி நஸ்ரின் காம்பஸ் முனையால் அதைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏழெட்டு எத்தனைடீ, பொட்டீ, முட்டாளே? உன்னால எங்க மார்க்கும் போகும்!"

டெஸ்கெல்லாம் ரத்தம். காம்பஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நஸ்ரினை அறையக் கை ஓங்கினேன்.

"தெரிஞ்சவங்க தெரியாதவங்களைப் படிப்பிக்கணும்னு டீச்சர்தானே பறஞ்சது?" என்றாள் நஸ்ரின்.

செல்வி என்னைத் தடுத்தாள். "அடிக்காதீங்க டீச்சர். நாளைக்கும் நான் அவ பக்கத்துலதான் உட்காரணும்."

அந்தக் கையில் ஆறிய புள்ளிகளும் இருந்தன.

போன வாரம் இந்தக் குழுவைத்தான் பாராட்டி, வகுப்பையே கைதட்ட வைத்தேன். செல்வியும் தட்டினாள்.