ஆறாவது அஞ்சல்பெட்டி

மே 3, சனி

இணையத்தில் இடம் வாடகைக்கு விடும் பழைய ஹோஸ்டிங் கம்பெனி இந்த மாதக் கடைசியோடு கடையைக் கட்டுகிறதாம். எங்கள் கடையின் இணையதளம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் புது இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். "லீவுல சும்மாதானே இருக்கே, நீயே பார்த்துக்கோ" என்றார் அப்பா.

சும்மா என்று யார் சொன்னது? பரீட்சை முடிந்து பதினோரு நாளாக ஃபிரிட்ஜோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நான் கதவைத் திறந்தால் அது விளக்கைப் போடுகிறது. இந்த வீட்டில் அவ்வளவு மரியாதை வேறு யார் தருகிறார்கள்?

மொத்தம் ஆறு அஞ்சல்பெட்டிகள். விற்பனை, கணக்கு, கிடங்கு, அப்பா, நான், அண்ணன்.

பட்டியலில் அப்பா விரல் வைத்தார். "கடைசி ஒண்ணு வேண்டாம். விட்டுடு."

பெயரைக்கூடச் சொல்லவில்லை. கடைசி ஒண்ணாம்.

மே 5, திங்கள்

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "நான் இந்த நிறுவனத்தோட தொழில்நுட்பத் தலைவி பேசறேன்" என்றேன். அந்த ஆள் நம்பிவிட்டார். "சொல்லுங்க மேடம்!" மேடம்! பம்ப் உதிரிபாகக் கடையின் தொழில்நுட்பத் தலைவி அரைக்கால் டவுசரில் உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பழைய பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்குக் கடிதங்களை நகலெடுக்க ஒவ்வொன்றின் கடவுச்சொல்லும் வேண்டுமாம். மற்றவை அப்பாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதியிருக்கின்றன. அண்ணனுடையது மட்டும் அண்ணனிடம். அண்ணன் எங்கேயோ.

மே 6, செவ்வாய்

செய்துவிட்டேன். அப்பா சொன்னதைக் கேட்டால் நான் நானா? நிர்வாகப் பக்கத்தில் போய் அண்ணனின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பெட்டியைத் திறந்தேன்.

எதற்கு இதெல்லாம் என்று எழுதிவைக்கிறேன். அம்மா இல்லாத வீட்டில் நாங்கள் மூன்று பேர். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அண்ணன், கடை வேண்டாம், வெளிநாட்டில் வேலைக்குப் போகிறேன் என்றான். "படியத் தாண்டினா திரும்பி வராதே" என்றார் அப்பா. தாண்டினான். இந்தப் பெட்டியிலிருந்து எனக்கு ஒரே ஒரு வரி: "சேர்ந்துட்டேன் குட்டி, வாலை ஆட்டாம இரு." அதோடு சரி. போன் நம்பரும் மாறிவிட்டது. நான் மட்டும் ஞாயிறுதோறும் எழுதுகிறேன். அப்பாவின் செருப்புகளை ஜோடி மாற்றி வைத்தது, கணக்கரின் நாற்காலியில் ஊதல் பொம்மை வைத்தது, எல்லாம். பதில் கிடையாது. கிணற்றில் கல் போட்டால்கூடச் சத்தம் வரும்.

இன்று பார்த்தால், நான் எழுதியதில் ஒன்றுகூடத் தடித்த எழுத்தில் இல்லை. எல்லாம் திறந்து படித்தவை! போன ஞாயிறு எழுதியது உட்பட!

படித்திருக்கிறான். படிச்சுட்டு வாயைத் திறக்காத பாவி.

மே 8, வியாழன்

நகல் முடிந்ததா என்று பதிவேட்டைப் பார்த்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பக்கம். அண்ணன் பெட்டிக்கு நேரே சிவப்பாக: தவறான கடவுச்சொல். தவறான கடவுச்சொல். தவறான கடவுச்சொல். செவ்வாய் சாயங்காலம் நான்கு. நேற்று பதினொன்று. போன் தானாகவே மெயில் எடுக்கத் தட்டியதல்ல. இணையப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் அடித்தது.

நான்தானே மாத்தினேன். ஐயோ. நானே மாத்திட்டேன்.

அவன் என்ன நினைப்பான்? அப்பா பூட்டிட்டார்னு. கடைசியா இருந்த கதவையும் சாத்திட்டார்னு. சாத்தினது நான்டா, நான்!

எங்கே போய்ச் சொல்வது? எனக்குத் தெரிந்த அவனுடைய ஒரே முகவரி அந்தப் பெட்டிதான்.

மே 9, வெள்ளி

உதவி மையத்துக்காரரிடம் பழைய கடவுச்சொல்லைத் திரும்ப வைக்கக் கேட்டேன். "மேடம், பழசை யாராலயும் பார்க்க முடியாது. புதுசு வேணா வைக்கலாம்." அப்புறம் மெதுவாக, "மேடம், அழறீங்களா?"

"தலைவிக்கு ஜலதோஷம்" என்று வைத்துவிட்டேன்.

இன்று இரண்டே முறைதான் தட்டியிருக்கிறான்.

மே 10, சனி

ஒன்றுமில்லை. ஒருமுறைகூட.

மே 12, திங்கள்

மூளை இருக்கிறது, தாமதமாக வேலை செய்கிறது. எங்கள் இணைய முகவரியைப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டேன். இனி யார் அஞ்சல் பக்கத்தைத் திறந்தாலும் புதுப் பக்கம்தான். அதன் முகப்பில் நாமே அறிவிப்பு எழுதலாமாம்! எழுதினேன்:

"பூட்டியது அப்பா இல்லை, குட்டி. புதுக் கடவுச்சொல்: முதலாளியின் குறட்டைக்கு நாம் வைத்த பெயர். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்."

அவன் இன்னொரு முறை வந்து தட்டினால்தானே இதைப் பார்ப்பான். வராவிட்டால்?

மே 13, செவ்வாய்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவேடு. இன்று என்னோடு பேசியவர்கள்: ஃபிரிட்ஜ்.

மே 14, புதன்

மாட்டிக்கொண்டேன். அஞ்சல் பக்கத்தைக் கடையில் எல்லோரும்தானே திறக்கிறார்கள்! அறிவிப்பை வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். நான் சாப்பாடு எடுத்துப்போனபோது அப்பா கல்லாவில் கல்லாக இருந்தார்.

"என் குறட்டைக்குப் பேரா?"

சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்தேன்.

"என்ன பேரு?"

"ரெண்டாம் நம்பர் பம்ப்."

வாஷர் டப்பாக்களை அடுக்கினார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடவுச்சொல், சிவப்பு வரிகள், சனிக்கிழமையிலிருந்து அவன் வராதது.

"எத்தனை தடவை தட்டினான்?"

"பதினேழு."

அறிவிப்பை எடுக்கச் சொல்லவில்லை.

மே 17, சனி

6.52. பச்சை எழுத்து. உள்நுழைவு வெற்றி.

முதல் முயற்சியிலேயே!!

மே 18, ஞாயிறு

காலையில் ஒரு வரி வந்திருந்தது. "ஊருக்கே தெரியற மாதிரி போர்டு வைப்பியா லூசு? அவர் பார்த்தாரா?"

பதில் எழுத மூன்று முறை ஆரம்பித்தேன். ஜோக் ஒன்றும் வரவில்லை. கணினியை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரியை ஒரு பக்கம் போல வாசித்தார்.

"இதுல தமிழ்ல எப்படி அடிக்கறது?"

சொல்லிக்கொடுத்தேன். ஒற்றை விரலால் அடிக்கிறார். முக்கால் மணி நேரம் ஆகிறது. அழிக்கிற சத்தம்தான் அதிகம் கேட்கிறது. நான் அடுத்த அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எட்டிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு தடவை குரல் கொடுத்தார்: "கேள்விக்குறி எங்கே இருக்கு?"