சுருதி சேர்த்துக் கெடுத்த கதை

அடி என் சரோ,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. நல்ல சேதியோடு எழுதத்தான் ஆசை. ஆனால் இப்போது என் வாயில் வருவதெல்லாம் 'சீ' என்ற ஒரே சொல்தான். உன் கமெலானைக் கெடுத்துவிட்டார்கள்.

தொண்ணூற்றிரண்டில் அந்தக் கமெலான் செட்டை, அத்தனை வெண்கல வாத்தியங்களையும் பாலித் தீவிலிருந்து கப்பலில் வரவழைத்து, சான்டா கிளாராவில் உன் வீட்டு கராஜில் இறக்கினாயே, ஞாபகமிருக்கிறதா? "கார் வெயில்ல கிடக்கட்டும், இது உள்ள இருக்கட்டும்" என்றாய். சாஃப்ட்வேர்க்காரர்கள், ஒரு பல் டாக்டர், இரண்டு வெள்ளைக்கார டீச்சர்கள் எல்லாரும் தரையில் சம்மணம் போட்டுத் தட்டிப் பழகினோம். வாத்தியத்தைத் தாண்டாதே, சுற்றிப் போ என்று நீ போட்ட அதட்டலில் மேனேஜர்களே நடுங்கினார்கள்.

அதில் தட்டுகிற வெண்கலப் பட்டைகள் எல்லாமே ஜோடி. ஒன்றைவிட மற்றது ஒரு இழை உயர்ந்து ஒலிக்கும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் சத்தம் அலையலையாய் நடுங்கும். உன்னுடையது உயர்ந்தது, என்னுடையது தாழ்ந்தது. நீ விட்ட இடத்தில் நான் தட்ட, நான் விட்ட இடத்தில் நீ தட்ட, ஏழு வருஷம் வாசித்தோம்.

நம்ம முரளியைத் தெரியுமே. கோயிலில் யார் பாடினாலும் "சுருதி சேரல" என்று முகம் சுளிப்பானே, அந்த மகானுபாவன். டாட்காம் கவிழ்ந்து வேலை போய்விட்டது. சும்மா இருக்கிற மனுஷனுக்குப் பொழுது போக வேண்டாமா? நான் சென்னைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கம்ப்யூட்டரில் அளந்து, உயர்ந்த பட்டைகளின் அடிப்பக்கத்தை அரத்தால் அராவிச் சுருதியை இறக்கி, எல்லா ஜோடிகளையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்துவிட்டான். மற்றவர்கள் பீட்ஸா தின்றபடி வேடிக்கை பார்த்தார்களாம்.

"இத்தன வருஷமா அவுட் ஆஃப் ட்யூன்ல வாசிச்சிருக்கீங்க அக்கா. நான் ஃபிக்ஸ் பண்ணிட்டேன்" என்று பல்லைக் காட்டினான்.

"எவன்டா உன்ன ஃபிக்ஸ் பண்ணச் சொன்னது?"

"என்னக்கா, சுருதி மாதா இல்லையா?"

 தனக்கு மட்டும்தான் காது இருக்கிறது என்று எவ்வளவு திமிர்! பியானோவோடு சேர்க்கிறேன் என்று எவனாவது நம் வீணையில் மெட்டுகளைப் பதித்த மெழுகைப் பிடுங்கினால் இவன் சும்மா இருப்பானா? தூ! தின்றுகொண்டே பார்த்தவர்களை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

உன் இடத்தில் இப்போது உன் மகள் நித்யா உட்காருகிறாள். அன்று என்னோடு சேர்ந்து தட்டினாள். எவர்சில்வர் கடையில் தட்டு விழுந்த மாதிரி இருந்தது. நாலு தட்டுத் தட்டியதோடு சுத்தியலை வைத்துவிட்டாள்.

"இட்ஸ் நாட் அம்மா எனிமோர், ஆன்ட்டி. ஐ'ம் டன்."

அந்த நடுக்கத்தில்தான் குழந்தை உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாளா? எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை?

வாத்தியம் செய்த பட்டறைக்கு ஃபோன் பண்ணினேன். உன் பட்டைகள் மெலிந்துவிட்டன, இனி அரம் பட்டால் ஒலியே செத்துவிடும் என்றார்கள். ஒரே வழிதானாம். என் தாழ்ந்த பட்டைகளையும் அராவி, இன்னும் தாழ்த்தினால் அந்த இழை வித்தியாசமும் நடுக்கமும் திரும்பும். பட்டறையிலிருந்தே ஆள் வருகிறார்.

"நல்லா இருக்கிறதயும் எதுக்குக்கா கெடுக்கணும்?" என்கிறான் முரளி. நான் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

உன்னை என் அளவுக்கு இறக்கிவிட்டார்கள், சரோ. பரவாயில்லை. நான் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொள்கிறேன். நித்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் அம்மா குரலை அவள் கேட்கும்வரை விடமாட்டேன். இது சத்தியம்.

உனக்குத் தங்கையாகி, உன் மகளுக்குச் சித்தியாகிவிட்ட,
கமலி